பார்த்தா அப்படித் தெரியலையே!

உலகத்தில் டாக்டர்கள் இரண்டு வகை. பல வருஷம் படித்துப் பட்டம் வாங்கி, வாசலில் போர்டு மாட்டி, நாக்கை நீட்டச் சொல்லி, முதுகைத் தட்டி, ரத்தம் எடுத்து, படம் பிடித்து, இத்தனைக்கும் பிறகு "எதுக்கும் அடுத்த வாரம் ஒரு தடவை வாங்க, பார்க்கலாம்" என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறவர்கள் ஒரு வகை. பாவம், அவர்களை விட்டுவிடுவோம். இன்னொரு வகை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்து, "இவனுக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கான்!" என்று தீர்ப்பு எழுதிவிட்டுக் காப்பி கேட்கிறவர்கள். இந்த இரண்டாம் வகைக்கு நான் வைத்திருக்கும் பெயர், 'பார்த்தா அப்படித் தெரியலையே' இனம்.

நீங்கள் இவரைப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார். கால் ஒடிந்து மாவுக்கட்டு போட்டிருந்தால் இவருக்கு அபார மரியாதை. கட்டைத் தட்டிப் பார்ப்பார், தலையணை வைத்துக் கொடுப்பார், தனக்குத் தெரிந்த ஒடிந்த கால்களின் வரலாற்றையெல்லாம் சொல்வார். காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைப்பார். மனசு சரியில்லை என்றால்? அப்போதும் நெற்றியில்தான் கை வைப்பார். சுடவில்லை. விஷயம் முடிந்தது.

அப்புறம் மருந்து. காலையில் எழுந்து காலாற நடக்க வேண்டும். நாலு பேருடன் பேசிப் பழக வேண்டும். (அந்த நாலு பேரில் முதல் ஆள் இவர். பேசுகிறவரும் இவர்.) எதையும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. மனதில் வைத்துக்கொள்ளாமல் பின்னே எங்கே வைப்பதாம், அலமாரியிலா? அதெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் "எனக்கு இல்லாத கவலையா?" என்று ஆரம்பித்துவிடுவார். தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, முழங்கால் குடைச்சல், மகளுக்கு வரன் அமையாதது என்று ஒன்றுவிடாமல் அடுக்கி, "நான் என்ன படுத்தா கிடக்கிறேன்?" என்று முடிப்பார். நோயாளி அதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்.

பொதுவாகப் பேசினால் நம்ப மாட்டீர்கள். என் எதிர்வீட்டுக்கு வாருங்கள், இந்த இனத்தின் அசல் மாதிரியையே காட்டுகிறேன்.

எதிர்வீட்டில் ஒரு பஸ் டிரைவர் இருக்கிறார். இருந்தார் என்று சொல்ல வேண்டும், அதாவது டிரைவராக. ஒருநாள் காலை, நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போனவர், சிக்னலில் வண்டியை நிறுத்தினார். பச்சை விழுந்தது. வண்டி நகரவில்லை. மறுபடி சிவப்பு, மறுபடி பச்சை. பின்னால் ஹாரன், உள்ளே கூச்சல். மனுஷர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி, எதிரே பார்த்தபடி, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் விரல் விரலாகப் பிரித்துத்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தவர்தான். குளிப்பதில்லை, பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை எதிரே வைத்தால் அதை ஏதோ கேள்வித்தாள் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஒரு துணிக்கடையில் பேண்ட் நுனி வெட்டித் தைக்கிற வேலை செய்கிறாள். அவள் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. ஓடுகிறது என்றால் நொண்டுகிறது.

அவளுடைய அண்ணன் அடுத்த தெருவில் இருக்கிறார். பெரிய சோபாக் கடையில் மேலாளர். மேல் பாலிஷ் பளபளவென்று இருந்தால் உள்ளே மரமா தக்கையா என்று கேட்கிற பழக்கம் அந்தத் தொழிலில் இல்லை என்று நினைக்கிறேன். யாரைப் பார்த்தாலும் "நல்லா இருக்கீங்க!" என்று சான்றளித்துவிடுவதால், எங்கள் குடியிருப்பு முழுக்க அவருக்கு 'சர்டிபிகேட் மச்சான்' என்றே பெயர். அன்பு இல்லாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்தது, அதுவும் தாராளமாக. சிக்கலே அதுதான்.

டிப்போவில் முதலில் என்ன சொன்னார்கள்? "டாக்டரைப் பார்த்து எழுதி வாங்கிட்டு வாங்க, மருத்துவ விடுப்பு போடலாம்." மச்சான் குறுக்கே விழுந்தார். "பைத்தியம்னு எழுதி அனுப்பிட்டான்னா? நாளைக்கு என் பொண்ணைப் பார்க்க வர்றவன் விசாரிக்க மாட்டானா? நாமளே கௌரவமா விலகிக்கிட்டா ஒரு பேச்சு இருக்காது" என்று, தானே உட்கார்ந்து, அழகான கையெழுத்தில், சொந்தக் காரணங்களுக்காக விலகுவதாக எழுதி மாப்பிள்ளையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். கௌரவம் காப்பாற்றப்பட்டது. வேலையும் போனது, வேலை ஏன் போனது என்பதற்கான ஆதாரமும் போனது.

அப்புறம் வைத்தியம். ஆமாம், வைத்தியமும் பார்த்தார். மாப்பிள்ளையை டாக்டர் டாக்டராகக் கூட்டிக்கொண்டு போனார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொள்வார். "வாயு சார். அதான் சோர்வா இருக்காரு." அந்த டாக்டர் வாயுவுக்கு எழுதினார். "கண்ணுல ஏதோ பவர் சார், அதான் ஒரே இடத்தைப் பார்த்துட்டு இருக்காரு." கண் டாக்டர் கண்ணாடிக்கு எழுதினார். "கடைவாய்ப் பல்லு சார், அதான் பேச மாட்டேங்கிறாரு." பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கியே விட்டார். நல்ல பல்.

நடுவில் அந்தப் பெண் அண்ணனுக்குத் தெரியாமல் கணவரை ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார். இரண்டு தடவை போனார்கள். மூன்றாவது தடவைக்குக் கிளம்பும்போது மச்சான் வாசலில் நின்றார்.

"எங்க போறீங்க?"

அவள் சொன்னாள். மச்சான் மாப்பிள்ளையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

"மாப்ளே, என்னதான் பண்ணுது உங்களுக்கு? சொல்லுங்க, என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"குளிக்கணும்னு நினைச்சாலே அழுகையா வருது மச்சான்."

"அட, இவ்வளவுதானா! வெந்நீர் போட்டுக் குளிங்க."

மூன்றாவது தடவை நடக்கவே இல்லை.

இப்படியே இரண்டு வருஷம் போனபின், வேலை செய்ய முடியாத அளவுக்கு மனநோய் உள்ளவர்களுக்கும் அரசாங்கத்தில் உதவித்தொகை உண்டு என்று கடையில் யாரோ சொல்லி, அந்தப் பெண் என்னிடம் வந்தாள். நான் ஓர் அலுவலகத்தில் காகிதம் நகர்த்தியே தலை நரைத்தவன். "என்னென்ன வெச்சிருக்கே, கொண்டு வா" என்றேன். ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாள். வாயு மாத்திரைச் சீட்டு. கண் பரிசோதனைச் சீட்டு. பல் பிடுங்கிய ரசீது. ஒரு ரத்தப் பரிசோதனை முடிவு, அதில் எல்லாமே கச்சிதமாக இருந்தது. அந்த ரத்தத்தை யாருக்கு வேண்டுமானாலும் தைரியமாக ஏற்றலாம். மனநல மருத்துவர் எழுதியது ஒரே ஒரு சீட்டு. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஓர் ஆளின் மனசைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அத்தாட்சி இருந்தது!

"கிடைக்குமாண்ணே?" என்றாள். "கிடைக்கலேன்னா இவரை எங்கயாவது வாட்ச்மேன் வேலைக்கு அனுப்பணும்னு அண்ணன் சொல்லிட்டிருக்கு. இவரைத் தனியா அனுப்பிட்டு நான் எப்படித் தையல் மெஷின்ல உக்காருவேன்?"

எழுதிப் போட்டோம். பதில் வந்தது. மருத்துவ ஆதாரம் போதாது; ஆனால் விசாரணைக் குழு நேரில் பார்க்கும்; நோயாளியின் அன்றாட நிலையை அறிந்த, அதே வீட்டில் வசிக்காத உறவினர் ஒருவர் வந்து வாக்குமூலம் தரலாம். அதே வீட்டில் வசிக்காத உறவினர் யார்? வேறு யார்! அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மச்சானிடம் கேட்டதும் பூரித்துப் போனார். "அதிகாரிங்க முன்னாடி பேசறதுதானே? என்கிட்ட விடு." அவருக்குத் தெரிந்த இலக்கணம் ஒன்றே ஒன்று: பெரிய மனிதர்கள் முன்னால் போய் நின்றால், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். ஆகவே விசாரணைக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு முடி வெட்டப்பட்டது. தாடி மழிக்கப்பட்டது. நரைக்கு மை பூசப்பட்டது. மச்சானுடைய சொந்தச் சட்டை ஒன்று, கத்தி முனை மடிப்புடன் தேய்க்கப்பட்டு அவருக்கு மாட்டப்பட்டது. ஒத்திகை வேறு.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்பாங்க. என்ன சொல்லணும்?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லணும். மரியாதை அது. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போனா அதிகாரிக்குக் கோபம் வராதா? எங்க, சொல்லுங்க பார்ப்போம்."

"நல்லா இருக்கேன்."

"சத்தமா!"

"அண்ணா, நீ வந்து சும்மா உக்காந்தா போதும், ஒண்ணும் பேசாதே" என்று தங்கை கெஞ்சினாள். இந்த இனத்திடம் கேட்கக் கூடாத வரம் அது.

மறுநாள் அந்த அலுவலகத்தின் நடையில், வரிசையாகத் தரையோடு திருகி இறுக்கிய நாற்காலிகளில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஊன்றுகோலோடு ஒருவர் உள்ளே போய், வேலை முடிந்து உடனே வெளியே வந்தார். மச்சான் எழுந்து அவருக்கு வழிவிட்டுவிட்டு, என் காதில் சொன்னார்: "பார்த்தீங்களா? அது வியாதி. பார்த்தாலே தெரியுது!" என்னை ஏன் அந்த நிமிஷம் ஆயுதம் இல்லாமல் படைத்தான் ஆண்டவன் என்று தோன்றியது.

உள்ளே தலைவியம்மா ஒருவர், டாக்டர் ஒருவர், தட்டச்சு செய்கிற பெண் ஒருத்தி. டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மை பூசிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர் வழி தவறி வந்த மாதிரி இருந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்."

"தூக்கம் எப்படி?"

"நல்லா இருக்கு சார்."

"சாப்பாடு?"

"நல்லா இருக்கு சார்."

மச்சானின் உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன, பள்ளி ஆண்டு விழாவில் பிள்ளையை மேடை ஏற்றிவிட்ட வாத்தியார் மாதிரி. அந்தப் பெண் தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீங்கதான் உறவினரா? சொல்லுங்க" என்றார் தலைவியம்மா.

"வணக்கம் மேடம். நான் இவங்க அண்ணன். ஒண்ணு மட்டும் மொதல்ல சொல்லிடறேன் மேடம், எங்க குடும்பத்துல அந்த மாதிரி யாருக்கும் எதுவும் கிடையாது. மாப்ளை சிங்கம் மாதிரி. கொஞ்சம் சோர்வு. அவ்வளவுதான்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். நான் சுவரிலிருந்த மின்விசிறியைப் பார்த்தேன். தலைவியம்மா ஃபைலை மூடினார்.

"சரி. அப்ப இவரே தன்னைச் சமாளிச்சுக்கிறாரு."

சும்மா முடித்துவைக்கத்தான் சொன்னார். ஆனால் மச்சானுக்கு அது எங்கேயோ போய்க் குத்திவிட்டது. இரண்டு வருஷமாக உழைத்த உழைப்பை ஒரே வாக்கியத்தில் வேறொருத்தர் கணக்கில் எழுதினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"இவரா?" என்றார். "இவரா சமாளிக்கிறாரு? நான் சமாளிக்கிறேன் மேடம்! தினம் காலைல கடைக்குப் போறதுக்கு முன்னாடி வந்து இவரைத் தூக்கி உக்கார வைக்கிறது யாரு? நான். பிரஷ்ல பேஸ்ட் வெச்சுக் கையில குடுத்து, தேய்க்கிற வரைக்கும் பக்கத்துலயே நிக்கிறது யாரு? நான் நிக்கலேன்னா அதைக் கையில பிடிச்சுட்டு அப்படியே நின்னுட்டிருப்பாரு மேடம். நேத்து முடி வெட்ட எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நாற்காலியில உக்காந்து அழுதாரு. நான்தான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். இந்தச் சட்டை என்னுது. பட்டன் நான் போட்டு விட்டது. 'நல்லா இருக்கேன்'னு சொன்னாரே, அதுகூட நான் சொல்லிக் குடுத்தது! சமாளிக்கிறாராம்! மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியை நான் பாக்கெட்லயே வெச்சிருக்கேன் மேடம்!"

தட்டச்சுச் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் பேனாவை எடுத்தார்.

"மாடிக் கதவை ஏன் பூட்டினீங்க?"

மச்சான் நிறுத்தினார். "சும்மாதான் சார். காத்துல அடிச்சுக்கும்."

 அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருநாள் அங்க நின்னுட்டிருந்தாரு சார்" என்றார் மச்சான். குரல் ஒரேயடியாகத் தணிந்துவிட்டது. "ஓரத்துல. கூப்பிட்டேன். திரும்பலை. போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பச்சைப் புள்ள மாதிரி கூடவே வந்தாரு. யார்கிட்டயும் சொல்லலை. இதோ, இவகிட்டகூடச் சொல்லலை."

அவள் தலை நிமிர்ந்தது. மச்சான் கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்ததும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"மத்தபடி நல்லாத்தான் சார் இருக்காரு."

வெளியே வந்து படி இறங்கும்போது, "ஏண்ணா என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டாள். "சொன்னா நீ பயந்துடுவே" என்றார். அவ்வளவுதான். அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உதவித்தொகை கிடைத்தது. ஒரு வருஷத்துக்கு, மாதாமாதம் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பார்த்தார். மாத்திரை சாப்பிட்டார். சில மாதங்கள் கழித்து ஒருநாள் காலை தானாகவே பல் தேய்த்தார் என்று அவள் என்னிடம் வந்து சொன்னபோது, பரீட்சையில் பாஸ் பண்ணின பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் பால்கனியில் வந்து நிற்க ஆரம்பித்தார். ஒருநாள் கீழே தெருவில் ஐஸ்க்ரீமைத் தவறவிட்ட ஒரு குழந்தை 'எழுந்து வா' என்று அதைக் கெஞ்சிக் கூப்பிடுவதைப் பார்த்துச் சிரித்தார். நானே பார்த்தேன்.

இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் இந்த இனம் வெற்றியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்குமா? மச்சான் தெருமுனைக் கடையில், சலூனில், மாடிப்படியில் எங்கே ஆள் கிடைத்தாலும் நிறுத்திச் சொன்னார்: "நான் போய் ஒரு வார்த்தை பேசினேன், மறுபேச்சு இல்லாம குடுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒண்ணுமே இல்லாத ஆளுக்கு உதவித்தொகை வாங்கிக் குடுத்திருக்கேன்!"

கேட்டவர்கள் பால்கனியைப் பார்த்தார்கள். சிங்கம் மாதிரி ஒருத்தர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் கடிதம் வந்தது. இன்ன நபர் பால்கனியில் சிரித்தபடி நிற்கிறார், பார்த்தால் நோயாளி மாதிரி தெரியவில்லை என்று பொதுமக்களில் ஒருவர் எழுதியிருப்பதால் மறுவிசாரணையாம். அதுவரை தொகை நிறுத்தம்.

மச்சானுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! மாடிப்படியில் நின்று கட்டடமே கேட்கக் கத்தினார். "எவன்டா எழுதினது? வெளிய பார்த்தாத் தெரியுமாடா உள்ள இருக்கிறது? கூட இருந்து பார்த்தவனுக்குத்தான்டா தெரியும்!" நியாயமான பேச்சு. எனக்குக் கை தட்டலாமா என்றிருந்தது. அந்த நேரம் பார்த்து மேல்வீட்டு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் திருப்பத்தில் மறைந்ததும் மச்சான் என் பக்கம் சாய்ந்தார்: "இடுப்பு வலின்னு ஒரு வாரமா லீவாம். பார்த்தா அப்படித் தெரியலையே?"

டிரைவர் அந்தக் கடிதத்தைத் தானே படித்தார். படித்துவிட்டு மனைவியிடம் கேட்டாராம்: "இனிமே நான் சிரிக்கலாமா, கூடாதா?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், போய்ச் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து பால்கனிக் கதவு சாத்தியே இருக்கிறது.

எழுதினது யார் என்று நான் துருவவில்லை. நிச்சயம் நீங்கள் இல்லை. நீங்கள் கடிதம் கிடிதம் எழுதுகிற ஆள் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. குழந்தையைப் பார்த்து அவர் சிரித்தார் என்று சொன்னேனே, அந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றியது? 'பரவாயில்லை, சரியாகிவிட்டது போலிருக்கிறது, இனி வேலைக்குப் போகலாமே' என்று ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்ததா, இல்லையா? எட்டிப் பார்த்திருந்தால் சும்மா உங்கள் நெற்றியில் ஒரு கை வைத்துப் பாருங்கள்.

சுடாது. உங்களுக்கென்ன, நல்லாத்தானே இருக்கிறீர்கள்!